நாகர்கோவில் மருமகன் கால்டுவெல்

1844ல் நாகர்கோவிலில் இருந்த மிஷனரி சார்லஸ் மால்ட், தன் மகள் எலைசாவை இடையன்குடிக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அயர்லாந்தில் பிறந்து, ஸ்காட்லாந்தில் வளர்ந்து, உவரிக்குப் பக்கத்தில் பனைமரமும் செம்மண்ணுமாகக் கிடந்த ஊரில் வந்து குடியேறியவர். பெயர் ராபர்ட் கால்டுவெல். ஆக, சென்னை மெரினாவில் சிலையாக நிற்கிற மனுசன் நம்ம நாகர்கோவில் மருமகன்! இது நம்ம காலேஜில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கே போன மாசம்தான் தெரியும்.

தெரிய வந்த கதை இதுதான். ஹாஸ்டல் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. கேஷ், ரைஸ், எய்ட், கட்டமரான், கரி, எல்லாமே தமிழிலிருந்து இங்கிலீஷ்காரன் சுட்டது என்று ஒரு நீளமான லிஸ்ட். ஒரு கட்சி ஹார்ட்டின் போட்டது. இன்னொரு கட்சி முழுக்க உருட்டு என்றது. ராத்திரி ஒரு மணி வரை சண்டை. எது சரி என்று தேடப்போன நான் கடைசியில் கால்டுவெல்லிடம் போய் நின்றேன்.

1814 மே 7ல் பிறந்தவர். ஏழைக் குடும்பம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அங்கிருந்த கிரேக்கப் பேராசிரியர் சாண்ட்ஃபோர்டு மூலமாக மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. லண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்து, 1838 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். கூடவே கப்பலில் வந்தவர் தெலுங்கு அகராதி போட்ட சி. பி. பிரவுன். கூட்டு நல்லாத்தான் அமைந்திருக்கிறது.

மூன்று வருசம் சென்னையில் தமிழ் படித்தார். 1841ல் வேறு சபைக்கு மாறி, தெற்கே போகச் சொன்னதும் நடந்தே கிளம்பிவிட்டார். சிதம்பரம், தஞ்சாவூர், திருச்சி, கோயம்புத்தூர், நீலகிரி, மதுரை என்று சுற்றி வந்து அந்த வருசக் கடைசியில் இடையன்குடி சேர்ந்தார். பல்லக்கிலோ குதிரையிலோ போயிருந்தால் இத்தனை ஊர்ப் பேச்சு காதில் விழுந்திருக்காது. இது என் கணக்கு.

எலைசாவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். அவருடைய அம்மா மார்த்தா மால்ட்தான் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் லேஸ் பின்னுகிற தொழிலும் தொடங்கியவர். எலைசா அந்த லேஸை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். சின்ன வயசிலிருந்தே நம்ம பக்கத்துப் பேச்சுத் தமிழ் தெரிந்தவர். புத்தகத்தில் தமிழ் படித்த புருசனுக்கு வீட்டிலேயே ஊர்த்தமிழ் கேட்கிற வசதி கிடைத்தது. மொழி ஆராய்ச்சிக்காரனுக்கு இதைவிட என்ன வரம் வேண்டும்?

1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் லண்டனில் வெளிவந்தது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, மலைவாசிகளான தோடர், கோத்தர் பேசுகிற மொழிகள், நடு இந்தியாவின் கோண்டி எல்லாம் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதே நூலின் சாரம். தென்மொழிகள் தனிக்குடும்பம் என்று முதலில் சொன்னவர் இவரில்லை. 1816லேயே சென்னை கலெக்டர் எல்லிஸ் அதை எழுதிவிட்டார். எல்லிஸ் 1819ல் இறந்துபோக, அது அப்படியே கிடந்தது. கால்டுவெல் அதைப் புத்தகம் முழுக்க ஆதாரத்தோடு நிறுவினார்.

எப்படி நிறுவினார் என்பதில்தான் நம்ம ஹாஸ்டல் சண்டைக்குத் தீர்வு இருக்கிறது. ஒரே மாதிரி ஒலிக்கிற நாலு சொல்லை எடுத்துக் காட்டினால் உறவு ஆகிவிடாது. சொல் கடனாக வரலாம், போகலாம். நான், நீ என்கிற பெயர்களும் எண்களும் வினைமுற்று விகுதியும் அவ்வளவு லேசில் கைமாறாது. அதனால் அவர் அந்த எலும்புக்கூட்டைத்தான் ஒப்பிட்டார். ஒரு சொல்லின் பழைய வடிவம் என்ன, பக்கத்து மொழியில் எப்படி இருக்கிறது என்று பின்னோக்கிப் போனார்.

இதே முறையில் எட்டையும் எய்ட்டையும் வைத்துப் பாருங்கள். இன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறது. தமிழில் பின்னால் போனால் எண் என்கிற வேர் வருகிறது. எண்பது, எண்ணூறு என்பதில் இன்னும் இருக்கிறது. கன்னடத்தில் எண்டு. இங்கிலீஷில் பின்னால் போனால் ஜெர்மனின் அஹ்ட், லத்தீனின் ஆக்டோ, சமஸ்கிருதத்தின் அஷ்ட. பின்னால் போகப்போக இரண்டும் விலகுகின்றன. சொந்தமாகவோ கடனாகவோ இருந்தால் நெருங்கி வரணும். அவ்வளவுதான் விசயம், ஃபார்வர்டில் எட்டு அவுட்.

கேஷ் இன்னும் சுவாரஸ்யம். இங்கிலீஷில் கேஷ் என்று இரண்டு சொல் உண்டு. ரொக்கம் என்கிற கேஷ், பெட்டி என்று பொருள்படும் இத்தாலிய, பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம்ம காசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. இன்னொரு கேஷ், சின்னச் செப்புக்காசு. அது நம்ம காசுதான், போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது. திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அந்த நாணயங்களில் இங்கிலீஷில் கேஷ் என்றே அடித்திருந்தார்கள். உங்க ஆச்சி வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தாலும் கிடக்கும், பாருங்க.

உறுதியான கடன்கள் நிறைய இருக்கின்றன. குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் போன கட்டுமரத்தின் பெயர்தான் கட்டமரான். மரங்களைச் சேர்த்துக் கட்டினது கட்டுமரம். இன்றைக்கு இங்கிலீஷ்காரன் அந்தப் பெயரால் சொல்வது இரண்டு அடிப்பாகம் உள்ள சொகுசுப் படகை. பெயர் போனது, படகு மாறிப்போச்சு. சுருட்டு செரூட் ஆனது. மிளகுத்தண்ணி முல்லிகடானி சூப் ஆனது. கயிறு காயர் ஆனது. தேக்கு, மாங்காய், வெற்றிலை, கொப்பரை எல்லாம் பெரும்பாலும் மலையாளக் கரையில் போர்ச்சுகீசியர் காதில் விழுந்து போனவை. பலாவுக்கு ஜாக் என்று பெயர் வந்தது சக்கையிலிருந்து. மதுரைக்காரனுக்கு இதைப் புரியவைக்கக் கொஞ்சம் மெனக்கெடணும். மார்த்தாண்டத்தில் சக்கைப்பழம் தின்று வளர்ந்தவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் கால்டுவெல்லும் சறுக்கியிருக்கிறார். அரிசியைக் கிரேக்க ஒரைசாவோடு இணைத்தார்; ரைஸ் அதிலிருந்து வந்தது. உமி நீக்கியதுதான் அரிசி, கப்பலில் போனதும் அதுதான் என்பது அவர் வாதம். நெல்லையும் அரிசியையும் பிரித்துப் பேசுகிற நாஞ்சில் நாட்டானுக்கு ரொம்பவே பிடிக்கிற வாதம். எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்றைய அகராதிகள் ஒரைசாவுக்குப் பின்னால் ஒரு பழைய ஈரானியச் சொல்லைத்தான் காட்டுகின்றன. எபிரேய பைபிளில் சாலமோன் ராஜாவின் கப்பலில் வந்த மயிலுக்குத் துக்கி என்று பெயர். அது தோகை என்றார். இதைப் பலர் ஏற்றார்கள், சிலர் இன்னும் ஏற்கவில்லை. திராவிட மொழிகளை ஃபின்னிஷ், துருக்கி வகை மொழிகளோடு சேர்த்தது மட்டும் நிற்கவே இல்லை. எலும்புக்கூட்டைப் பார்க்கணும் என்று சொன்னவரே, சில இடங்களில் ஒலி ஒற்றுமையில் மயங்கிப் பட்டியல் போட்டிருக்கிறார்.

சொல்லுக்கு அப்பாலும் தப்பு நடந்தது. 1849ல் திருநெல்வேலி நாடார்களைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். தன்னை நம்பிய மக்களையே தாழ்த்தி எழுதிய நூல் அது. அதைப் படித்து அடுத்த தலைமுறை கொதித்தது. கடைசியில் அவர் அந்த நூலைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. சொற்களை அவ்வளவு கவனமாக எடை போட்டவர் மனுசரைப் பற்றி எழுதும்போது அந்தத் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

மறுபக்கமும் இருக்கிறது. பறையர் என்கிற ஒரு சமூகத்தின் பெயரை மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டுபோய், ஊரால் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகம் பூரா ஓடவிட்டார்கள். இன்றைக்கும் இங்கிலீஷ் பேப்பர்களில் அந்தச் சொல் கூசாமல் வருகிறது. கால்டுவெல் தன் இலக்கண நூலில், அந்தப் பெயர் பறை என்கிற கருவியிலிருந்து வந்தது என்றும், அவர்களும் திராவிடர்களே என்றும் பக்கம் பக்கமாக வாதாடினார். அவர் இறந்தபின் 1913ல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். ஃபார்வர்டு லிஸ்டுகளிலும் இந்தச் சொல் வருவதில்லை, கவனித்தீர்களா? பெருமைக்குரிய கடன் மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது.

1877ல் பிஷப் ஆனார். அந்த வருசம் கொடும்பஞ்சம். இடையன்குடியில் அவர் கட்டத் தொடங்கிய கோவில் 1880ல்தான் முடிந்தது. கொற்கையில் தோண்டிப் பார்த்தார், திருநெல்வேலி சரித்திரம் எழுதினார். 1891 ஆகஸ்ட் 28ல் கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்கே கொண்டுவந்து அவர் கட்டிய கோவிலில் அடக்கம் செய்தார்கள். எலைசா 1899 வரை இருந்தார்.

அவர் விட்ட வேலையை, 1961ல் திராவிடச் சொற்பிறப்பு அகராதி போட்ட பர்ரோவும் எமனோவும் தொடர்ந்தார்கள். நம்ம லைப்ரரியில் இல்லை; இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு ஹாஸ்டல் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டேன். கட்டமரான் சரி, கரி சரி, கேஷ் பாதி சரி, ரைஸ் சந்தேகம், எய்ட் தப்பு. இரண்டு கட்சியும் ஒண்ணா சேர்ந்து என்னைத் திட்டித் தீர்த்துவிட்டது.