காவிரி காத்த காட்டன்

சோழவள நாட்டிற்கு வாழ்வளிப்பதும் காவிரியே. வெள்ளக் காலத்தில் அச்சம் விளைப்பதும் காவிரியே. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பணிபுரிந்த பொறியாளர் ஆர்தர் காட்டன் ஆவார். அவர் 1803 ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டிற் பிறந்தார். படையின் பொறியாளர் பிரிவிற் சேர்ந்து, 1821 இல் சென்னைக்கு வந்தார்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, ஓட்டமும் விரைவானது. ஆதலின் நீர் பெரும்பாலும் அதன்வழியே கடலை அடைந்தது. காவிரியோ மணல் மேடிட்டது. கல்லணையிற் பிரியும் வெண்ணாறும், அதன் கிளையாய் மன்னார்குடியை வளம்படுத்தும் பாமணியாறும் காவிரி நீரையே நம்பியவை. எனவே தஞ்சை வயல்கள் வறளும் நிலை நேர்ந்தது.

கொள்ளிடத்தை முற்றிலும் அடைத்தல் தகுமோ எனின், தகாது. பெருவெள்ளத்தைக் கடலிற் சேர்க்கும் வடிகால் அதுவே. அதனை அடைப்பின் காவிரிக் கரை உடையும். நட்ட பயிர் அழுகும். குடிசைகளும் கால்நடைகளும் வெள்ளத்திற் போகும்.

காட்டன், கரிகாலன் அமைத்ததாகப் போற்றப்படும் கல்லணையை நுணுகி ஆராய்ந்தார். ஆற்று மணலிற் கற்களை அமிழ்த்தி அடித்தளம் அமைத்த பழந்தமிழர் திறம் அவருக்கு வழிகாட்டியது. 1836 இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. அவ்வணை, நீர் குறைந்த நாளில் அதனைக் காவிரிக்குத் திருப்பியது. வெள்ளம் மிக்க நாளில் மிகைநீரைத் தன்மேல் வழிந்தோட விட்டது. கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதி உழவர்க்காக அவ்வாண்டே கீழணையும் அமைந்தது.

எனினும், சில ஆண்டுகளுக்குள் காவிரியில் அளவுக்கு மிஞ்சிய நீர் புகுந்தது; கரைகளுக்கு ஊறு நேருமோ என்ற கவலை எழுந்தது. உடனே மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தினர். காவிரியிலும் தடுப்பு அமைத்தனர். பின்னரே இரு ஆறுகளும் சமன்பட்டன.

காவிரியிற் பெற்ற அறிவைக் காட்டன் கோதாவரிக்கும் பயன்படுத்தினார். பஞ்சத்தால் நலிந்த அந்நாடு, 1852 இல் முடிவுற்ற தவளேசுவரம் அணையால் செழித்தது. 1861 இல் 'சர்' பட்டம் பெற்ற அவர், 1899 இல் தம் 96 ஆம் அகவையில் மறைந்தார்.

2018 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வந்த வெள்ளம் மேலணையின் மதகுகள் சிலவற்றை உடைத்தது. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பெற்றது. அணை கட்டுதலோடு கடமை முடிவதில்லை. அதனை இடையறாது பேணுதலும் வேண்டும். ஆற்றின் இயல்பை அறிந்து, தேக்க வேண்டியதைத் தேக்கி, விடுக்க வேண்டியதை விடுப்பவரே நாட்டைக் காப்பவராவர்.