கலபாரின் அம்மா: மேரி ஸ்லெசர்



ஒரு சமூகத்தில் நெடுங்காலம் வேரூன்றிய கொடிய வழக்கம் ஒன்றை எப்படி மாற்றுவது? சட்டம் இயற்றினால் மாறிவிடுமா? அல்லது போதித்தால் மாறிவிடுமா? இவ்வினாக்களை மனதில் வைத்துக்கொண்டு மேரி ஸ்லெசர் அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றை வாசியுங்கள். ஆலைத் தொழிலாளியாக இருந்த ஒரு பெண், மேற்கு ஆபிரிக்காவின் காட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 39 ஆண்டுகள் எவ்வாறு பணியாற்றினார் என்பதை இப்பகுதி கூறுகின்றது.

1. வறுமையில் கழிந்த இளமை

மேரி ஸ்லெசர் 1848ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 2ஆந் திகதி ஸ்கொட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரில் பிறந்தார். குடும்பத்தின் ஏழு பிள்ளைகளுள் இவர் இரண்டாமவர். தந்தை சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. தாயார் நெசவுத் தொழில் செய்தவர். ஆழ்ந்த இறைபக்தி உடையவர். தந்தை மதுவுக்கு அடிமையாகித் தொழிலை இழந்தமையால், குடும்பம் பிழைப்புத் தேடி 1859ஆம் ஆண்டளவில் டண்டீ நகருக்குக் குடிபெயர்ந்தது.

அங்கு மேரி 11ஆவது வயதில் நெசவாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நாளின் ஒரு பாதி ஆலையில் வேலை. மறு பாதி ஆலை நடத்திய பாடசாலையில் படிப்பு. 14 வயதளவில் முழுநேரத் தொழிலாளியானார். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை இயந்திரங்களின் இரைச்சலுக்கிடையே நிற்க வேண்டும். தந்தையும் சகோதரர்களும் நோயால் இறந்தபின், தாயையும் இரு தங்கையரையும் காக்கும் பொறுப்பு மேரியின் தலையில் விழுந்தது.

மாணவர்களே, இங்கு ஒன்றைக் கவனியுங்கள். குடிப்பழக்கம் ஒரு குடும்பத்தை எப்படிச் சிதைக்கும் என்பதையும், வறியவர்களின் அன்றாட அல்லல் எத்தகையது என்பதையும் மேரி புத்தகத்தில் படித்து அறியவில்லை. சொந்த வீட்டிலேயே கண்டார். பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது இந்த அனுபவமே.

2. ஆபிரிக்காவை நோக்கி

மேரியின் குடும்பம் பிரெஸ்பிற்றேரியன் திருச்சபையைச் சேர்ந்தது. அத்திருச்சபை 1846ஆம் ஆண்டிலேயே, இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கிலுள்ள கலபாரில் ஒரு மிஷனைத் தொடங்கியிருந்தது. ஆபிரிக்கப் பயணங்களால் புகழ்பெற்ற டேவிட் லிவிங்ஸ்ரன் 1873ஆம் ஆண்டு இறந்தபோது, அச்செய்தி ஸ்கொட்லாந்து மக்களை உலுக்கியது. மேரியும் ஆபிரிக்கா செல்ல முடிவு செய்தார். 1876ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 27. அதே கப்பலில் ஆபிரிக்க மக்களுக்கு விற்பதற்கான மதுப் பீப்பாய்களும் ஏற்றப்பட்டிருந்தமை அவரைப் பெரிதும் வருத்தியது.

கலபார் முன்னர் அடிமை வியாபாரத்துக்குப் பேர்போன துறைமுகமாகும். மேரி சென்ற காலத்தில் அங்கு பாம் எண்ணெய் வர்த்தகம் நடைபெற்றது. மலேரியாக் காய்ச்சல் பல ஐரோப்பியரைப் பலிகொண்டது. மேரியும் பலமுறை நோயுற்று, 1879ஆம் ஆண்டு ஓய்வுக்காகத் தாயகம் சென்று மறு ஆண்டே திரும்பி வந்தார். இதற்கிடையில் அப்பகுதி மக்களின் எபிக் மொழியை, அவர்களே வியக்கும்படி பேசக் கற்றுக்கொண்டார்.

அக்காலத்து ஐரோப்பியர் வழக்கத்துக்கு மாறாக மேரி எளிமையாக வாழ்ந்தார். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார். தொப்பியும் சப்பாத்தும் இன்றி நடந்தார். ஊர் மக்கள் உண்ட கிழங்கு முதலியவற்றையே உண்டார். இதனால் மிச்சம்பிடித்த சம்பளத்தைத் தாய்க்கும் தங்கையருக்கும் அனுப்பினார். 1886ஆம் ஆண்டளவில் அவர்கள் அனைவரும் இறந்துவிட, அவருக்கென்று தாயகத்தில் நெருங்கிய உறவினர் எவரும் எஞ்சவில்லை.

3. இரட்டைக் குழந்தைகளின் நிலை

கலபார்ப் பகுதியில் அந்நாளில் ஒரு நம்பிக்கை நிலவியது. இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் அவற்றுள் ஒன்றுக்குத் தந்தை தீய ஆவியே என மக்கள் கருதினர். எக்குழந்தை என்று அறிய முடியாததால் இரண்டையும் கொன்றனர். அல்லது மண்பானையில் இட்டுக் காட்டில் விட்டனர். தாய் ஊரை விட்டுத் துரத்தப்பட்டாள்.

ஆபிரிக்கர் அனைவரும் இவ்வாறு நம்பினர் என்று எழுதிவிடாதீர்கள். இன்றைய நைஜீரியாவின் மேற்குப் பகுதியில் வாழும் யொருபா மக்கள் இரட்டையரைப் பெரும்பேறாகப் போற்றுபவர்கள். ஒரே நாட்டிலும் வழக்கங்கள் வேறுபடும்.

1878ஆம் ஆண்டு பிரித்தானியக் கொன்சலுக்கும் கலபார்த் தலைவர்களுக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இரட்டைக் குழந்தைக் கொலை தடை செய்யப்பட்டது. ஆயினும் நகரத்துக்கு அப்பாலுள்ள கிராமங்களில் அது ஏட்டளவிலேயே இருந்தது. அச்சத்தினால் செய்யும் ஒரு செயலைக் கடதாசியில் எழுதிய தடை நிறுத்தவில்லை.

மேரி செய்தது வேறு. இரட்டையர் பிறந்தனர் என்று கேள்விப்பட்டதும் நேரே அங்கு சென்றார். குழந்தைகளைத் தூக்கிவந்து தம் வீட்டிலேயே வளர்த்தார். அவ்வாறு காப்பாற்றிய ஒரு பெண் குழந்தைக்கு, தம் தங்கையின் பெயரான ஜேனி என்பதைச் சூட்டித் தம் மகளாக்கிக் கொண்டார். ஜேனியுடன் பிறந்த ஆண் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. ஜேனி வளர்ந்து, ஓடியாடி, வீட்டு வேலைகளில் உதவுவதை ஊரார் நாள்தோறும் கண்டனர். எந்தத் தீங்கும் நிகழவில்லை. ஆயிரம் போதனைகளை விட இதுவே மக்களின் அச்சத்தைக் கரைத்தது.

4. ஒகோயொங்கில் வாழ்வு

1888ஆம் ஆண்டு, தமது நாற்பதாவது வயதை நெருங்கும் வேளையில், மேரி உள்நாட்டிலுள்ள ஒகோயொங் பகுதிக்குக் குடியேறினார். வெளியார் செல்ல அஞ்சிய இடம் அது. கிறீக் டவுன் அரசர் ஏழாம் ஏயோ தமது படகைக் கொடுத்து உதவினார். தாம் வளர்த்த பிள்ளைகளுடன் கொட்டும் மழையில் காட்டு வழியே நடந்து மேரி எகெங்கே என்னும் கிராமத்தை அடைந்தார். அவ்வூர்த் தலைவர் ஏடெம் தமது வளவில் இருப்பிடம் அளித்தார். தலைவரின் சகோதரி மா ஏமே மேரியின் உற்ற தோழியானார். ஊரில் கொடுமை ஏதும் நடக்கவிருந்தால் இரகசியமாக அறிவித்து உதவியவர் இவரே. இவ்விருவரின் ஆதரவு இல்லாவிடில் மேரியால் அதிகம் சாதித்திருக்க முடியாது.

ஒகோயொங்கில் யாரேனும் முக்கியமான ஒருவர் இறந்தால், அது சூனியத்தால் நேர்ந்தது எனக் கருதினர். சந்தேகத்துக்குரியோருக்கு ஏசெரே எனப்படும் நச்சு விதையைக் கொடுத்துச் சோதித்தனர். உயிர் பிழைத்தால் நிரபராதி, இறந்தால் குற்றவாளி. (பிற்காலத்தில் கண் நோய்க்குப் பயன்பட்ட பைசொஸ்ரிக்மின் என்னும் மருந்து இவ்விதையிலிருந்து பெறப்பட்டதே.)

ஒருமுறை தலைவர் ஏடெமின் மகன் எட்டிம், வீடு கட்டுகையில் மரம் விழுந்து இறந்தான். உடனே அயற் கிராமத்தவர் பலர் பிடிக்கப்பட்டுச் சங்கிலியால் கட்டப்பட்டனர். மேரி அவர்களை விட்டு அகலாது இரவும் பகலும் காவல் இருந்தார். அதேவேளை, இறந்த இளைஞனின் உடலைப் பட்டாடைகளாலும் குடை முதலியவற்றாலும் பெரும் சிறப்புடன் அலங்கரித்தார். மகனுக்கு உரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்பதே தந்தையின் ஏக்கம் என்பதை உணர்ந்து அதற்கு வேறொரு வழியைக் காட்டினார். பல நாள் போராட்டத்தின்பின் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். ஒருவரும் கொல்லப்படவில்லை.

வைசூரி நோய் பரவியபோது மேரி மக்களுக்கு அம்மைப்பால் குத்தினார். அந்நோயால் தலைவர் ஏடெம் இறந்தார். அஞ்சிய மக்கள் ஊரை விட்டு ஓடியிருந்தமையால், மேரியே பெட்டி செய்து அவரை அடக்கம் செய்தார்.

இப்பணிக்காக மேரி தம் சொந்த வாழ்வையும் விட்டுக்கொடுத்தார். 1891ஆம் ஆண்டு, மிஷன் ஆசிரியரான சார்ள்ஸ் மொரிசன் என்பவரை மணப்பதற்கு உடன்பட்டிருந்தார். உடல்நலம் குன்றிய அவரை ஒகோயொங்குக்கு அனுப்ப மிஷன் சபை மறுத்தது. ஒகோயொங்கை விட்டு வர மேரி விரும்பவில்லை. திருமணம் நடைபெறவில்லை.

5. தொழிலும் கல்வியும்

வேலையின்மையும் மதுவும் துப்பாக்கியுமே சண்டைகளுக்குக் காரணம் என்பதை மேரி கண்டார். ஆகவே ஒகோயொங் மக்கள் பாம் எண்ணெயையும் கிழங்கையும் கலபாருக்குக் கொண்டுசென்று விற்க வழி செய்தார். வியாபாரம் வளர, மக்கள் உழைப்பில் ஈடுபட்டனர். வழிப்பறியும் சண்டையும் குறைந்தன. கிராமங்களில் சிறு பாடசாலைகளைத் தொடங்கினார். இளைஞருக்குக் கைத்தொழிற் கல்வி வேண்டும் என்று திருச்சபைக்கு எழுதி வலியுறுத்தினார். 1895ஆம் ஆண்டு கலபாரில் ஹோப் வாடெல் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. தச்சு, தையல், அச்சு முதலிய தொழில்கள் அங்கு கற்பிக்கப்பட்டன. நைஜீரியாவின் முதலாவது ஜனாதிபதியான நம்டி அசிக்கிவேயும் அங்கு கற்றவரே.

6. நீதவானாகப் பணி

1892ஆம் ஆண்டு பிரித்தானிய நிருவாகம் மேரியை ஒகோயொங் பகுதியின் துணைக் கொன்சலாக நியமித்தது. உள்ளூர் வழக்குகளை அவரே விசாரித்தார். பிரித்தானியப் பேரரசின் முதலாவது பெண் நீதவான் என இவரைப் பலர் குறிப்பிடுவர். மக்களின் மொழியையும் வழக்கத்தையும் அறிந்தவர் என்பதால் அவருடைய தீர்ப்புகளை மக்கள் மதித்தனர். குறிப்பாக, அடித்துத் துன்புறுத்தப்பட்ட பெண்களின் பக்கம் அவர் உறுதியாக நின்றார்.

இங்கு நாம் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். அவருக்கு அப்பதவியைத் தந்தது அந்நிய ஆட்சி. 1901 – 1902 காலப்பகுதியில் பிரித்தானியப் படை ஆரோ மக்களின் நாட்டின்மீது போர் தொடுத்து அதனைக் கைப்பற்றியது. அதன்பின் திறந்த பாதையிலேயே மேரியும் இற்று, இக்கொற் ஒபொங் முதலிய இடங்களுக்குத் தம் பணியை விரிவுபடுத்தினார். எனவே மிஷனரிகளின் பணியும் குடியேற்ற ஆட்சியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என வரலாற்றாசிரியர் கூறுவது பொருத்தமானதே. ஆயினும் காட்டில் விடப்பட்ட ஒரு குழந்தைக்கு அன்று தேவைப்பட்டது தூக்கி எடுக்க ஒரு கை. அது மேரியின் கை. இரண்டு உண்மைகளையும் சேர்த்து எழுதுவதே சிறந்த விடையாகும்.

7. இறுதிக் காலம்

இற்று என்னுமிடத்தில் அமைந்த வைத்தியசாலைக்கு மேரி ஸ்லெசரின் பெயர் சூட்டப்பட்டது. யூஸ் என்னும் கிராமத்தில், கைவிடப்பட்ட பெண்களும் இரட்டையரின் தாய்மாரும் தங்கி உழைத்துப் பிழைப்பதற்கு ஓர் இல்லத்தை நிறுவினார். அங்கு பயிர் செய்தனர். கூடை முதலியன பின்னினர். பிறரிடம் கையேந்தாது தம் காலிலே நிற்கக்கூடிய பெண்ணை எவரும் எளிதில் துரத்த முடியாது என்பதை ஆலைத் தொழிலாளியான மேரி நன்கு அறிந்திருந்தார்.

நோயினால் தளர்ந்து, நடக்க இயலாதபோதும் பணியைத் தொடர்ந்த மேரி, 1915ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 13ஆந் திகதி யூஸ் கிராமத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 66. அவர் வளர்த்த பிள்ளைகள் அருகில் இருந்தனர். உடல் ஆற்று வழியே கலபாருக்குக் கொண்டுசெல்லப்பட்டு அரச மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. 1956ஆம் ஆண்டு இரண்டாம் எலிசபெத் மகாராணி அவரது கல்லறைக்கு மலர்வளையம் சாத்தினார். 1997ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளைட்ஸ்டேல் வங்கி வெளியிட்ட 10 பவுண் நாணயத்தாளில் அவரது உருவம் இடம்பெற்றது. ஆனால் அம்மக்கள் அவரை அழைத்த பெயர் ஒன்றே: ‘மா’. நம் மொழியில் ‘அம்மா’ என்பது போன்றதே அதுவும்.

நினைவிற் கொள்ளுங்கள்

மாணவர்களே, தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இப்போது நீங்களே விடை கூறலாம். 1878ஆம் ஆண்டு ஒப்பந்தம் வழக்கத்தைத் தடுத்தது. ஆனால் மக்களின் பயத்தைத் தீர்க்கவில்லை. மேரி மக்களோடு வாழ்ந்தார், அவர்கள் மொழியைப் பேசினார், பயத்துக்குக் காரணம் இல்லை என்பதைத் தம் வீட்டிலேயே காட்டினார், வாழ்வதற்குத் தொழிலும் தேடிக்கொடுத்தார். சட்டம் வேண்டியதே. ஆனால் அச்சட்டம் கிராமத்துக்கு நடந்து செல்வதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

பயிற்சி

1. மேரி ஸ்லெசரின் இளமைக்கால அனுபவங்கள் அவரது பிற்காலப் பணிக்கு எவ்வாறு உதவின என்பதை விளக்குக.
2. எட்டிமின் மரணத்தின்போது மேரி கையாண்ட வழிமுறையைச் சுருக்கமாக எழுதுக.
3. மேரியின் பணிக்குத் துணைநின்ற ஆபிரிக்கர் மூவரைப் பெயரிட்டு, அவர்கள் செய்த உதவியைக் குறிப்பிடுக.
4. ‘சட்டத்தினால் மட்டும் சமூகத்தை மாற்ற முடியாது.’ இக்கூற்றை, மேரி ஸ்லெசரின் வாழ்க்கையையும் உமது ஊரில் நீர் கண்ட ஒரு வழக்கத்தையும் சான்றாகக் கொண்டு ஆராய்க.