கடல் தாண்டிக் கிடைத்த இறக்கை!

பெரியவர்கள் ஆனதும் என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டால், வகுப்புக்கு நாலு பேராவது 'பைலட்' என்று கை தூக்குவீர்கள்தானே குட்டீஸ்? பைலட் படிப்பை உள்ளூரில் படிப்பதா, வெளிநாடு போவதா, எந்த நாட்டில் எந்தப் பள்ளி நல்லது என்றெல்லாம் இப்போது அண்ணன்களும் அக்காக்களும் அலசி ஆராய்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கும் இதே கேள்வி வந்தது. ஆனால், அவருடைய நாட்டில் அவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு பள்ளியும் முன்வரவில்லை. அவர்தான் பெஸ்ஸி கோல்மன்.

1892ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி, டெக்சாஸ் மாநிலத்தில் அட்லான்டா என்ற சிற்றூரில் பிறந்தார் பெஸ்ஸி. வீட்டில் மொத்தம் 13 குழந்தைகள், பெஸ்ஸி பத்தாவது. அப்பாவும் அம்மாவும் கறுப்பின விவசாயிகள். சொந்த நிலம் கிடையாது. நிலக்காரருக்கு விளைச்சலில் பங்கு கொடுத்துவிட்டு மிச்சத்தில் பிழைப்பார்களே, அந்த வார விவசாயம்தான். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடை. அதுவும் ஒரே ஓர் அறை உள்ள பள்ளி. பருத்தி வெடிக்கும் காலம் வந்தால் அதற்கும் லீவு! எல்லோரும் வயலில் பருத்தி எடுக்க வேண்டும். பெஸ்ஸி கணக்கில் கெட்டிக்காரி. பருத்தி எடைபோடும்போது வீட்டுக்கணக்கு பார்ப்பது அவர் வேலை.

துணி துவைத்துச் சேர்த்த காசோடு 1910இல் கல்லூரிக்குப் போனார். ஒரு பருவம் முடிவதற்குள் காசு தீர்ந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி, மறுபடியும் துணி துவைத்தார். பிறகு சிகாகோவில் இருந்த அண்ணன்களிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே முடிதிருத்தும் கடை ஒன்றில், வருபவர்களுக்கு நகம் வெட்டி அழகுபடுத்தும் வேலை கிடைத்தது.

முதல் உலகப் போர் 1918இல் முடிந்தது. பிரான்சில் சண்டை போட்டுவிட்டு வந்த வீரர்கள் அந்தக் கடையில் உட்கார்ந்து, விமானங்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். பெஸ்ஸியின் அண்ணன் ஜானும் பிரான்சுக்குப் போய் வந்தவர்தான். ஒருநாள் அவர், பிரெஞ்சுப் பெண்கள் விமானமே ஓட்டுகிறார்கள், உன்னால் முடியுமா என்று தங்கையைக் கேலி செய்தார். அண்ணன்கள் கேலி செய்வது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால், இந்தத் தங்கை அதைக் காதில் வாங்கி மனசில் வைத்துக்கொண்டார்.

விமானப் பள்ளிகளைத் தேடினார். பெண் என்று சில இடங்களில் கதவை மூடினார்கள். கறுப்பினப் பெண் என்றதும் எல்லா இடங்களிலும் மூடினார்கள். அப்போது சிகாகோவில், கறுப்பின மக்களுக்காக 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற பத்திரிகையை நடத்தி வந்தார் ராபர்ட் அபட். பெஸ்ஸி அவரிடம் போய் நின்றார். அபட் சொன்ன யோசனை எளிமையானது. பிரான்சுக்குப் போ, அங்கே விமானக் கலை வளர்ந்திருக்கிறது, நிறம் பார்த்து விரட்ட மாட்டார்கள். அதற்கு முன் பிரெஞ்சு கற்றுக்கொள் என்றார்.

இங்கேதான் பெஸ்ஸியை நான் ரொம்பவும் மெச்சுகிறேன். வயது 28 ஆகப் போகிறது. பகலெல்லாம் வேலை. அதற்கு நடுவில் ஒரு புது மொழியை அ, ஆவன்னாவில் இருந்து தொடங்குவது என்றால் சும்மாவா? பெர்லிட்ஸ் என்ற மொழிப் பள்ளியில் சேர்ந்து பிரெஞ்சு படித்தார். கூடுதல் சம்பளத்துக்காக ஓர் உணவு விடுதியைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு மாறிக் காசு சேர்த்தார். அபட்டும், ஜெஸ்ஸி பிங்கா என்ற வங்கிக்காரரும் உதவினார்கள். 1920 நவம்பர் 20ஆம் தேதி நியூயார்க்கில் கப்பல் ஏறினார்.

பிரான்சில் இறங்கியதும் சிவப்புக் கம்பளமா விரித்தார்கள்? இல்லை! பாரிஸ் நகரப் பள்ளி ஒன்று முடியாது என்று சொல்லிவிட்டது. அங்கே பயிற்சியின்போது இரண்டு பெண்கள் இறந்து போனதால், இனிமேல் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்களாம். பெஸ்ஸி மூட்டையைக் கட்டினார். வடக்கே, சோம் நதி கடலில் கலக்கும் இடத்தில் லெ குரோட்டுவா என்ற ஊர் இருக்கிறது. அங்கே விமானம் தயாரிப்பில் பெயர் பெற்ற காட்ரன் சகோதரர்களின் பள்ளி, அவரைச் சேர்த்துக்கொண்டது.

தங்கும் இடத்திலிருந்து பறக்கும் திடலுக்குத் தினமும் 14 கிலோமீட்டருக்கு மேல் நடந்து போவாராம். உத்திரமேரூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியும்படி சொல்கிறேன். உங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போவீர்களே, அதில் ஏறத்தாழ பாதித் தூரம்!

பயிற்சி விமானத்தின் பெயர் நியூபோர்ட். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிய, மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள் கொண்ட விமானம். பிரேக் கிடையாது. ஆசிரியருக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று என இரண்டு கட்டுப்பாட்டுக் கம்பிகள். இன்ஜின் போடும் சத்தத்தில் பேச்சே கேட்காது. ஆசிரியர் செய்வதைக் கவனித்து அப்படியே செய்ய வேண்டும். உடன் படித்த ஒருவர் விபத்தில் இறந்ததைப் பெஸ்ஸி கண்ணால் பார்த்தார். ஆடிப்போய்விட்டார். ஆனாலும், அடுத்த பாடத்துக்கு வந்து நின்றார்.

பத்து மாதப் பயிற்சியை ஏழே மாதத்தில் முடித்தார். 1921 ஜூன் 15ஆம் தேதி, சர்வதேச விமானக் கூட்டமைப்பின் லைசென்ஸ் கைக்கு வந்தது. கறுப்பினப் பெண் ஒருவர் விமானி லைசென்ஸ் வாங்கியது அதுதான் முதல் முறை. அதில் பிறந்த ஆண்டு 1896 என்று இருக்கிறது. வயதில் நான்கைக் குறைத்துச் சொல்லிவிட்டார், குறும்புக்காரர்! பல நாடுகளிலும் மதிப்புள்ள லைசென்ஸ் அது. இப்போது விதிமுறைகள் கடுமையாகிவிட்டன. வெளிநாட்டில் லைசென்ஸ் வாங்கி வந்தவர், இந்தியாவில் வேலைக்குப் பறக்க வேண்டுமானால், டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தேர்வுகளை எழுதி அதை இந்திய லைசென்ஸாக மாற்ற வேண்டும். அதனால், பள்ளியைத் தேடும்போதே இதையும் விசாரித்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்கா திரும்பிய பெஸ்ஸி, சாகசம் கற்க 1922இல் மறுபடியும் ஐரோப்பா போய் வந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி நியூயார்க் அருகே அவருடைய முதல் விமானக் காட்சி நடந்தது. கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் இன்ஜின் நின்று விமானம் விழுந்தது. ஒரு காலும் மூன்று விலா எலும்புகளும் முறிந்தன. தேறி வந்து மறுபடியும் பறந்தார்.

தான் வளர்ந்த வாக்ஸஹாச்சி ஊரில் காட்சி நடத்த வந்தபோது, வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பினத்தவருக்கு ஒரு வாசல் என்று ஏற்பாடு செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே வாசல் என்றால்தான் பறப்பேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார் பெஸ்ஸி. கடைசியில் ஒரே வாசலைத் திறந்தார்கள். உள்ளே இருக்கைகள் மட்டும் தனித்தனியாகவே இருந்தன.

இத்தனை காட்சிகளும் எதற்குத் தெரியுமா? சொந்தமாக ஒரு விமானப் பள்ளி தொடங்கப் பணம் சேர்க்கத்தான். தன்னைப்போல் யாரும் வேறு மொழி படித்து, கடல் தாண்டி ஓட வேண்டியிருக்கக் கூடாது என்று நினைத்தார். 1926 ஏப்ரல் 30ஆம் தேதி, புளோரிடாவின் ஜாக்சன்வில்லில், மறுநாள் காட்சிக்கான இடத்தை மேலிருந்து பார்க்கக் கிளம்பினார். விமானத்தை ஓட்டியவர் மெக்கானிக் வில்லியம் வில்ஸ். கீழே எட்டிப் பார்க்க வசதியாக, பெஸ்ஸி சீட் பெல்ட் போடவில்லை. திடீரென்று விமானம் தலைகுப்புறக் கவிழ, பெஸ்ஸி வெளியே விழுந்து இறந்தார். வில்ஸும் பிழைக்கவில்லை. ஒரு ஸ்பேனர் கட்டுப்பாட்டுக் கருவியில் சிக்கிக்கொண்டதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. பெஸ்ஸிக்கு வயது 34.

அவர் நினைத்த பள்ளி என்ன ஆனது? பல பள்ளிகளில் மறுக்கப்பட்ட இன்னொருவர், வில்லியம் பவல், 1929இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விமானக் கழகம் தொடங்கினார். கறுப்பின இளைஞர்களும் பெண்களும் அங்கே பறக்கக் கற்றுக்கொண்டார்கள். கழகத்துக்கு அவர் வைத்த பெயர், 'பெஸ்ஸி கோல்மன் ஏரோ கிளப்'.