குதிரைக்குக் கொள்ளு, உழவனுக்குக் கடன், நிலத்துக்கு வரி: தர்மபுரியில் பாடம் படித்த கவர்னர் தாமஸ் மன்றோவின் கதை

சென்னை தீவுத்திடல் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் அந்தச் சிலையைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். உயரமான பீடத்தின் மேல், குதிரையில் ஒரு வெள்ளைக்காரர். சேணம் கிடையாது, கால் வைக்க அங்கவடியும் கிடையாது. சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. ஆனால் சிலையைச் செய்த பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டனில் நிற்கும் நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையையும் இதே மாதிரிதான் செய்திருக்கிறார். அது அவருடைய பாணி, அவ்வளவுதான்.

குதிரை மேல் இருப்பவர் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை மெட்ராஸ் மாகாணத்தின் கவர்னர். அந்தப் பதவிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, கிட்டத்தட்ட ஏழு வருஷம் அவர் குதிரையில் சுற்றிய இடம் தர்மபுரி. இன்று நம் கையில் இருக்கும் பட்டாவுக்குப் பின்னால் அந்த ஏழு வருஷம் இருக்கிறது.

சரி, ஒரு சிப்பாய் எப்படி வரி வசூலிக்கும் அதிகாரி ஆனார்? விவசாயியின் மாட்டைப் பற்றி அவர் ஏன் கவலைப்பட்டார்?

புகையிலை வியாபாரியின் மகன்

மன்றோ பிறந்தது 1761, மே 27, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். அப்பா புகையிலை வியாபாரி. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து சரக்கு வரும். அமெரிக்க சுதந்திரப் போர் வந்தது, வியாபாரம் படுத்தது, குடும்பம் நொடித்தது. வசதியாக வளர்ந்த பையன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சாதாரண கேடட்டாகச் சேர்ந்து, 1780 ஜனவரியில் மெட்ராஸ் வந்து இறங்கினார். வயது 18.

அதே வருஷம் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் படையோடு இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை மோசமாக அடிவாங்கியது. மைசூர் குதிரைப்படை எங்கே இருக்கிறது, அடுத்து எங்கே வரும் என்று கம்பெனிக்குப் புரியவே இல்லை. மன்றோ நேரில் பார்த்த முதல் போர் இதுதான்.

காளை செத்தால் படை நிற்கும்

அந்தக் காலத்துப் படை என்றால் துப்பாக்கி, பீரங்கி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பீரங்கியை இழுக்கக் காளை வேண்டும். அரிசி மூட்டையைச் சுமக்கவும் காளைதான். குதிரைப்படையில் ஒவ்வொரு குதிரைக்கும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு குதிரைக்காரர், புல் வெட்டிவர ஒரு புல்லுக்காரர் என்று இரண்டு ஆள். குதிரைக்கு வேகவைத்த கொள்ளு கொடுக்க வேண்டும். இதெல்லாம் எங்கிருந்து வரும்? வழியில் இருக்கிற கிராமத்திலிருந்துதான்.

இது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1791-ஐ விடப் பெரிய உதாரணம் வேண்டாம். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பெரும்படையோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போய்விட்டார். ஆனால் தீனி இல்லாமலும் நோயிலும் காளைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இழுக்க மாடில்லாத பெரிய பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்க வேண்டியதாகிவிட்டது. திப்பு சுல்தானின் படைக்கு அந்தக் கஷ்டம் குறைவு. பின்னாளில் அம்ரித் மகால் என்று பெயர் பெற்ற அரசாங்க மாட்டு மந்தையே அவரிடம் இருந்தது. வேகத்துக்குப் பேர்போன காளைகள் அவை.

மன்றோ அந்தப் போரில் இருந்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்ற அதிகாரியிடம் அதற்கு முன்பே உளவுப் பிரிவில் உதவியாளராக வேலை பார்த்தவர் அவர். எந்த ஊரில் எவ்வளவு தானியம் இருக்கிறது, எந்தப் பாதையில் தண்ணீர் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்வது அந்த வேலையில் ஒரு பகுதி. சண்டை போடுகிற ஆளை விட, கணக்குக் கேட்கிற ஆளாக அவர் மாறியது இங்கேதான்.

தர்மபுரிக்கு வந்த கதை

1792 மார்ச்சில் உடன்படிக்கை ஆனது. திப்பு தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் விட்டுக்கொடுத்தார். இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். அந்தப் பாதியில் கம்பெனிக்கு வந்த பங்கில் ஒன்று பாராமகால். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பகுதிகள். சேலம் சீமையும் கூடவே வந்தது. சித்தேரி மலையும் அதன் அடிவாரத்து அரூர் வட்டாரமும் இப்படித்தான் ஆங்கிலேயர் கைக்குப் போயின.

இந்தப் புது நிலத்தை யார் நிர்வகிப்பது? கம்பெனியின் மெட்ராஸ் அதிகாரிகளில் உள்ளூர் மொழி தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருந்தது. காரன்வாலிஸ் கடுப்பாகி, ராணுவத்திலிருந்தே ஆள் எடுத்தார். ரீடு தலைமை, உதவிக்கு மன்றோ, கிரஹாம், மெக்லியாட் என்று மூன்று பேர். மன்றோவுக்குக் கிடைத்தது தர்மபுரி பக்கம்.

வாழ்க்கை பெரும்பாலும் கூடாரத்தில்தான். ஊர் ஊராகப் போவார். விடிவதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். வாய்க்கால் சண்டை, வரப்புத் தகராறு, கட்ட முடியாத பாக்கி என்று ஆளுக்கொரு வழக்கு. கூட்டத்தைப் பற்றி வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் நிறையவே புலம்பியிருக்கிறார். ஆனாலும் மனுஷனுக்கு இந்த ஊர் பிடித்துப்போய்விட்டது. தர்மபுரியில் சொந்தமாகத் தோட்டம் போட்டார். 1799-ல் கன்னடக் கடற்கரைப் பகுதிக்கு மாற்றியபோது, பாராமகாலுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டவர் அவர்.

விதை இருக்கு, மாடு இல்ல

போர் ஓய்ந்த நேரம். தர்மபுரி மானாவாரி பூமி. கேழ்வரகு, சாமை, கொள்ளு, இவைதான் பெரும்பாலும். மழை ஒரு வருஷம் பெய்யும், அடுத்த வருஷம் ஏமாற்றும். கிணறு இருந்தாலும் கவலை ஓட்ட ஒரு ஜோடி மாடு வேண்டும். உழவும் அதே ஜோடிதான். அந்த ஜோடியில் ஒன்று செத்தால் அந்தக் குடும்பத்தின் அந்த வருஷமே போச்சு.

இங்கே கைகொடுக்க ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. பெயர் தக்காவி. விதை வாங்க, மாடு வாங்க, கிணறு தூர்வார அரசாங்கமே முன்பணம் தரும். அறுவடையில் திருப்பி வாங்கிக்கொள்ளும். ஆங்கிலேயர் கண்டுபிடித்தது இல்லை இது. அவர்களுக்கு முன்பிருந்தே நடந்து வந்தது. கம்பெனி அதைத் தொடர்ந்தது, மன்றோவும் கொடுத்தார். இது கருணை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். மாடு இல்லாத விவசாயி உழ மாட்டான், உழாத நிலம் வரி தராது. கணக்கு அவ்வளவுதான்.

இதோடு ரீடு இன்னொரு வேலையைத் தொடங்கினார். நிலத்தை அளப்பது. அதுவரை ஒரு கிராமத்துக்கு மொத்தமாக ஒரு தொகை, அதைப் பெரிய மனுஷர்கள் பங்கு பிரிப்பார்கள். பங்கு பிரிப்பதில் இளைத்தவன் தலையில் எவ்வளவு விழும் என்று சொல்லத் தேவையில்லை. ரீடு வயலுக்கு வயல் அளந்து, வரி குறித்து, உழுகிறவன் கையிலேயே பட்டா கொடுத்தார். வேண்டாத நிலத்தை விவசாயி விட்டுவிடலாம் என்று 1796-ல் அறிவிப்பும் வந்தது. நடுவில் ஜமீன்தார் கிடையாது. இதுதான் ரயத்துவாரி. ரயத் என்றால் குடியானவர்.

ஒரு விஷயம். ரயத்துவாரியின் தந்தை என்று பாடப்புத்தகம் மன்றோவைச் சொல்கிறது. ஆனால் தொடங்கியவர் ரீடு. மன்றோவுக்கு ஆரம்பத்தில் இதில் சந்தேகம்கூட இருந்தது. ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார். மாறிய பிறகு விடவே இல்லை. ரீடுக்குச் சிலையும் இல்லை, பெயரும் மறந்துபோச்சு.

பிறந்த ஊரிலேயே ஏலம்

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ரயத்துவாரி பிறந்த அதே மண்ணில், அதைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். வங்காளத்தில் ஜமீன்தாரி முறை போல இங்கேயும் வேண்டும் என்று கல்கத்தாவின் உத்தரவு. 1802-க்குப் பிறகு சேலம், பாராமகால் கிராமங்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் மிட்டா என்று பெயர், வாங்கியவர் மிட்டாதார். சேலம், தர்மபுரி பக்கத்து வயதானவர்களுக்கு இந்த வார்த்தை இன்றும் தெரியும். ஏலம் எடுத்த பல பேரால் பணம் கட்ட முடியவில்லை. மிட்டாக்கள் திரும்ப அரசிடமே வந்து விழுந்தன.

மன்றோ அப்போது இங்கே இல்லை. 1800 முதல் 1807 வரை பெல்லாரி, அனந்தபூர், கடப்பை பகுதிகளின் கலெக்டர். நிஜாம் கம்பெனிக்குக் கொடுத்த சீமை அது. பாளையக்காரர்களை அடக்கினார், நிலத்தை அளந்தார், வரி வசூலை ஏழு வருஷத்தில் சுமார் பாதி கூட்டிக் காட்டினார். கம்பெனிக்கு ரொம்ப சந்தோஷம். நடுவே நண்பர் ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு) மராட்டியர் மேல் படையெடுத்தபோது, அவருக்குத் தானியமும் மாடும் அனுப்பிவைத்ததும் இந்தச் சீமைதான்.

25 சதவீதம்

கிளம்பும் நேரத்தில் மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். 1807. இவ்வளவு வரியை இந்த மண் தாங்காது, எல்லா நிலத்துக்கும் 25 சதவீதம் குறைக்க வேண்டும், கிணறு, ஏரிப் பாசன நிலத்துக்கு இன்னும் 8 சதவீதம் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்றார். காரணமும் சொன்னார்: கையில் ஏதாவது மிஞ்சினால்தான் விவசாயி மாடு வாங்குவான், கிணறு வெட்டுவான். எல்லாவற்றையும் வழித்து எடுத்துக்கொண்டு தக்காவி கொடுப்பதில் என்ன பிரயோஜனம்?

நியாயமான கேள்வி. ஆனால் அந்த உயர்ந்த வரியை வசூலித்தது யார்? அவரேதான். போருக்குப் பணம் வேண்டும் என்ற அழுத்தத்தில் கூட்டிக்கொண்டே போய்விட்டு, கிளம்பும்போது குறைக்கச் சொன்னார். மன்றோவைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது.

மெட்ராஸ் கேட்கவில்லை. மன்றோ இங்கிலாந்து போய்விட்டார். அந்தச் சீமையில் ரயத்துவாரியை எடுத்துவிட்டு, கிராமத்தை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டார்கள். அங்கே பல ஊர்கள் நொடித்தன. லண்டனில் மன்றோ விடாமல் வாதாடினார். 1812-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் ஐந்தாம் அறிக்கை அவர் பக்கம் சாய்ந்தது. 1820-ல் கவர்னராகத் திரும்பி வந்ததும், 13 வருஷம் முன்பு தானே கேட்ட அந்தக் குறைப்பைத் தானே கொடுத்தார். மாகாணத்தின் பெரும்பகுதியில் ரயத்துவாரியும் திரும்பி வந்தது.

அவரை விமர்சிக்கவும் விஷயம் இருக்கிறது. ஒருவர் வரி கட்டாமல் ஓடிப்போனால், குறிப்பிட்ட அளவு வரை மற்றவர்கள் தலையில் கட்டும் வழக்கத்தை அவர் வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு வரி அதிகமாகவே இருந்தது, வசூலிக்கும் கீழ்மட்ட ஆட்களிடம் அடியும் உதையும் இருந்தது. விவசாயிகளைச் சித்திரவதை செய்து வரி வாங்குகிறார்கள் என்ற புகாரை விசாரிக்க ஒரு கமிஷனே போட வேண்டி வந்தது. அதன் அறிக்கை வெளியான வருஷம் 1855. ஜமீன்தாருக்குப் பதில் அரசாங்கமே நேராக வந்து நின்றது, அவ்வளவுதானே என்று கேட்கிற வரலாற்றாசிரியர்கள் உண்டு.

பர்மா போரும் ஓசூர் குதிரைகளும்

கவர்னர் ஆன பிறகும் மாடும் குதிரையும் அவரை விடவில்லை. 1824-ல் பர்மா போர் வெடித்தது. ரங்கூனுக்குப் போன படையில் பெரும்பங்கு மெட்ராஸ் சிப்பாய்கள். ஆள், அரிசி, வண்டி இழுக்கும் மாடு எல்லாம் இங்கிருந்து கப்பல் ஏறின. இதைச் சமாளித்ததற்காக 1825-ல் அவருக்கு பாரோனெட் பட்டம் கிடைத்தது.

அதே 1824-ல்தான் ஓசூர் பக்கம் மத்திகிரியில் ராணுவக் குதிரைப் பண்ணை தொடங்கியது. வாங்கி வந்த குதிரைகளை நிறுத்தி, தேற்றி, படைக்குப் பழக்கி அனுப்பும் இடம். ஓசூரின் குளுமையும் மேய்ச்சல் நிலமும் அதற்கு வசதி. பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த குதிரைகளும் இங்கே பழக்கப்பட்டன.

கல்விக்கும் அவர் ஒரு காரியம் செய்தார். 1822-ல் மாகாணத்தில் எத்தனை பள்ளி என்று கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று பதில் வந்தது. ஆங்கிலேயருக்கு முன் இங்கே படிப்பே இல்லை என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டலாம்.

கடைசிப் பயணம்

1827-ல் பதவி முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன், தான் கலெக்டராக இருந்த சீமையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். வழியில் காலரா பரவியிருந்தது. ஜூலை 6, கர்னூல் பக்கம் பத்திகொண்டாவில் காலையில் உடம்புக்கு முடியாமல் போனது. அன்றே இறந்துவிட்டார். வயது 66. முதலில் கூத்தியில் புதைத்தார்கள். 1831-ல் எலும்புகளை எடுத்துவந்து சென்னை புனித ஜார்ஜ் கோட்டை மேரி தேவாலயத்தில் வைத்தார்கள். சிலை நிறுவப்பட்டது 1839-ல்.

ஆந்திரப் பக்கம் அவரைப் பற்றிக் கதைகள் நிறைய. மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவருக்கு மட்டும் காட்சி கொடுத்துப் பேசினார் என்பது ஒன்று. திருமலையில் பெருமாளுக்கு நைவேத்தியம் போகும் ஒரு பாத்திரத்துக்கு மன்றோ கங்காளம் என்றே பெயர். வரி வசூலிக்க வந்த ஆளுக்கு இப்படி ஒரு இடம் அபூர்வம்.

ஓசூர் குதிரைப் பண்ணை, 1924-ல் ராணுவத்திடமிருந்து சிவில் கால்நடைத் துறைக்கு வந்தது. இப்போது அது தமிழ்நாடு அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணை. சுமார் 1,640 ஏக்கர். படைக்குக் குதிரை பழக்கிய அந்த இடத்தில் இன்று வளர்வது விவசாயிகளுக்கான கால்நடைகள்.