ஹோமி ஜஹாங்கீர் பாபா

போடிநாயக்கனூருக்கு அருகே ஏலமலைச் சாரலில், பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய நிலையம் அமைக்க முன்னின்றது பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். அதனைத் தோற்றுவித்த பெருமகனாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பம்பாயில் செல்வம் மிக்க பார்ஸிக் குடும்பமொன்றிற் பிறந்தார். பொறியியல் பயிலுமாறு 1927இல் தந்தையார் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். மைந்தர் உள்ளமோ கணிதத்தையும் பௌதிகத்தையும் நாடிற்று. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைக் கற்கலாமெனத் தந்தையார் இசைய, 1930இல் அவ்வாறே தேறினார். 1937இல் ஹைட்லர் என்பாருடன் கூடி, காஸ்மிக் கதிர்கள் வாயுமண்டலத்தில் மோதிப் பன்மடங்காய்ப் பெருகும் முறையை விளக்கிப் புகழெய்தினார். 1939இல் விடுமுறைக்காகத் தாய்நாடு வந்தவர், உலகப்போர் மூண்டமையால் இங்கேயே தங்கிப் பெங்களூரில் ஆராய்ச்சிப் பணி ஏற்றார். 1945இல் மேற்கூறிய நிலையத்தை நிறுவினார். 1948இல் அணுசக்திக் கமிஷனின் தலைவரானார். 1956இல் டிராம்பேயில் அப்ஸரா என்னும் அணு உலை இயங்கலாயிற்று.

இவர் ஓவியத்திலும் சங்கீதத்திலும் தேர்ந்தவர்; மரங்களிடத்தும் பேரன்பினர். கட்டிட வேலைக்கு முதிர்ந்த மரமொன்று இடையூறாயின், அதனை வெட்டவிடாது, வேரோடு அகழ்ந்து வேறிடத்தில் நடுவித்தார். ஆராய்ச்சிக்கூடம் எழும் நிலத்திற்கும் ஆராய்ச்சியாளன் கடமைப்பட்டவன் என்பதை அவர் செயலே காட்டிற்று.

அவர் தூண்டுதலால் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி தொடங்கிற்று. 1965இல் அங்கே நியூட்ரினோவின் அடையாளமும் காணப்பட்டது. 1966 ஜனவரி 24ஆம் நாள் ஆல்ப்ஸ் மலையில் விமானம் மோதியதால் அப்பெரியார் உயிர் துறந்தார்.

கோலாரில் சுரங்கம் முன்னரே இருந்தது. போடி மலையிலோ புதிதாகக் குடைதல் வேண்டும். ஏனைய கதிர்களைத் தடுக்கப் பாறையின் கனம் இன்றியமையாதது. 2015இல் மத்திய மந்திரி சபை இத்திட்டத்திற்கு இசைந்தது. ஆயின் அவ்விடத்திற்கு ஐந்து மைலுக்குள் மதிகெட்டான் சோலை தேசிய வனம் உளது. கடும் வெயில் தாங்காத ஏலச்செடி சோலை நிழலை நம்பி வாழ்வது. அடிவாரத்து உழவர் மலையில் ஊறும் நீரை நம்பி வாழ்பவர். ஆகவே வழக்குகள் எழுந்தன. 2018இல் பசுமைத் தீர்ப்பாயம் வனவிலங்கு வாரியத்தின் இசைவும் வேண்டுமெனப் பணித்தது. 2022இல் தமிழ்நாட்டு அரசு, புலிகளின் வழித்தடத்தையும் மேற்கு மலைத்தொடரின் நீர்வளத்தையும் காரணங்காட்டி, இதற்கு இடந்தர இயலாதென உச்ச நீதிமன்றத்திற்குத் தெரிவித்தது.

அறிவு வேட்கை உயர்ந்ததே. அதனை இகழ்தல் தகாது. எனினும் மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடலாம். மலையையும் அதன் ஊற்றையும் அவ்வாறு பெயர்த்து நடவியலாது. பாபாவின் வழிவருவோர் அவர்தம் கணிதத்தோடு மரங்களிடத்து அவர் காட்டிய பரிவையும் கைக்கொள்வாராக. விஞ்ஞானம் பயிலும் நம் மாணவரும் இதனை மறவாதிருத்தல் நன்று.