கடற்கரை மணலில் பிறந்த சிவப்பு

நம் கொருக்குப்பேட்டையை அடுத்த வண்ணாரப்பேட்டைக்கு அப்பெயர் எப்படி வந்தது? கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்தவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். நம் கடற்கரையிலிருந்து சென்ற துணிகளுள் பூவும் கொடியும் தீட்டிய சீட்டிக்கு ஐரோப்பாவில் பெருமதிப்பு. அக்கலையின் நுணுக்கங்களை எழுதி வைத்தவர் ஒரு குருவானவர். அவரே சேசு சபைத் தந்தை கேர்தூ.

1691-இல் பிரான்சு நாட்டுப் பூர்ஜ் நகரில் பிறந்த அவர், 1732-இல் தென்னிந்தியா வந்தார். ஞானஸ்நானம் பெற்ற சீட்டித் தொழிலாளரிடம் மாணவரைப் போல் கேட்டறிந்து, 1742-இல் தாயகத்துக்குக் கடிதம் எழுதினார்.

துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து நனைத்து உலர்த்துவார்கள். ஊசியால் துளையிட்ட காகிதத்தின்மேல் கரித்தூளைத் தட்டிச் சித்திரத்தைத் துணியில் இறக்குவார்கள். நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடுவார்கள். படிகாரம் தீட்டிய இடங்களில் சாயவேர் சிவப்பைத் தரும். அந்த வேர் கடற்கரை மணலில் விளைவது!

அக்கடிதம் ஐரோப்பியத் துணி அச்சிடுவோருக்கு உதவியது. பின்னாளில் இயந்திரத் துணிகள் வந்து குவிய, இங்கே சாயத் தொழிலாளரின் பிழைப்பு நலிந்தது. அந்நாளைத் தந்தை காணவில்லை. 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்ட பின்னும் இந்நாட்டிலேயே தங்கி, 1779-இல் புதுச்சேரியில் இறைவனடி சேர்ந்தார்.

எழுதியவர் பெயர் நிலைத்தது. கற்றுக் கொடுத்தவர் பெயர் நிலைக்கவில்லை. தையல் வகுப்பில் ஒரு பூவை வரையும்போது, பெயரற்ற அந்த ஆசிரியர்களையும் நம் ஜெபத்தில் நினைப்போமாக!