ஃபோர் சீசன்ஸ் விவால்டி யார்? 185 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த இசை!

கஸ்டமர் கேர் காத்திருப்பில், ஹோட்டல் லாபியில், விளம்பரத்தில்னு எங்கேயாவது இந்த வயலின் இசையைக் கேட்டிருப்பீங்க. ஃபோர் சீசன்ஸ் தொகுப்பின் முதல் கான்செர்ட்டோவான ஸ்பிரிங் அது. எழுதியவர் அன்டோனியோ விவால்டி.

1678-ல் வெனிஸில் பிறந்தார். அப்பா, முடிதிருத்தும் தொழிலிலிருந்து வயலினுக்கு வந்தவர். மகன் 1703-ல் பாதிரியார் ஆனார். சிவப்பு முடி என்பதால் ஊரில் சிவப்புப் பாதிரியார் என்றே பெயர். நெஞ்சு இறுக்கம் என்று சொல்லி, சில ஆண்டுகளிலேயே திருப்பலி நிறைவேற்றுவதை நிறுத்திவிட்டார். ஊர் ஊராகப் பயணம் செய்ய மட்டும் அது தடையாக இல்லை!

அதே 1703-ல், கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த பியேத்தா இல்லத்தில் வயலின் ஆசிரியர் வேலை. அங்குள்ள பெண்கள் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று வாசிப்பார்கள். அதைக் கேட்கவே வெளிநாட்டினர் வெனிஸ் வருவார்கள். ஆனால் விவால்டிக்கு அது கிட்டத்தட்ட கான்ட்ராக்ட் வேலைதான். நிர்வாகிகள் ஓட்டுப் போட்டு நீட்டிக்கணும். 1709-ல் ஓட்டு விழவில்லை, வேலை போனது. 1711-ல் திரும்ப அழைத்தார்கள். அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவரது கான்செர்ட்டோ தொகுப்பு ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஜெர்மனியில் பாக், அதில் சிலவற்றை கீபோர்டுக்கு மாற்றி எழுதினார்.

அப்படி என்ன செய்தார்? வேகம், நிதானம், வேகம் என மூன்று பகுதிகள். வேகமான பகுதிகளில் ரிட்டோர்னெல்லோ என்ற அமைப்பு. இத்தாலிய மொழியில் திரும்பி வருவது என்று அர்த்தம். நம்ம பாட்டில் பல்லவி திரும்ப வருமே, கிட்டத்தட்ட அதுதான். முழு ஆர்கெஸ்ட்ரா ஒரு மெட்டை வாசிக்கும். நடுவில் தனி வயலின் தன் வித்தையைக் காட்டும். மறுபடி மெட்டு வரும், ஆனால் சுருக்கமாக, பெரும்பாலும் வேறு ஸ்கேலில்.

1725-ல் வெளியான ஸ்பிரிங்கில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். மெட்டு, பறவைகள், மெட்டு, ஓடை, மெட்டு, இடி மின்னல். புயல் ஓய்ந்ததும் அதே மெட்டு மைனர் ஸ்கேலில், கொஞ்சம் வாடிப்போய் வரும். கவனிச்சுப் பாருங்க. இரண்டாவது பகுதியில் வயோலா திரும்பத் திரும்பப் போடும் முரட்டு ஒலி, நாய் குரைப்பது!

பிறகு வெனிஸில் ரசனை மாறியது. 1740-ல் வியன்னாவை நம்பிக் கிளம்பினார். அவரை மதித்த பேரரசர் ஆறாம் சார்லஸ் அந்த அக்டோபரிலேயே இறந்துபோக, துக்கத்தில் தியேட்டர்கள் மூடப்பட்டன. 1741 ஜூலையில், 63 வயதில், வறுமையில் இறந்தார் விவால்டி. எளிய அடக்கம். இசையையும் உலகம் மறந்தது.

1926-ல் இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில், சலேசிய சபையினரிடம் இருந்த பழைய கையெழுத்துப் பிரதிகள் விற்பனைக்கு வந்தன. பார்த்தால், அதில் கட்டுக்கட்டாக விவால்டி! டூரின் நூலகத்திடம் வாங்கப் பணம் இல்லை. சிறு வயது மகனைப் பறிகொடுத்திருந்த ஃபோவா என்பவர் பணம் கொடுத்தார். மீதிப் பாதி ஜெனோவாவில் ஒரு குடும்பத்திடம் இருந்தது. 1930-ல் அதற்குப் பணம் கொடுத்த ஜோர்டானோவும் மகனை இழந்தவர்தான். அந்த இரண்டு குழந்தைகளின் பெயரில்தான் விவால்டியின் கையெழுத்துகள் இன்றும் டூரினில் இருக்கின்றன.